சிறையும் அச்சமும்: குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை குறித்து

கொடிய குற்றமொன்று நடந்து நாடே கொந்தளிக்கும் ஒவ்வொரு முறையும், பிடிபட்டவருக்கு ஜாமீன் எதற்கு, வழக்கறிஞர் எதற்கு, ஆண்டுக்கணக்கில் விசாரணை எதற்கு என்ற குரல் எழுகிறது. அக்குரலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சிறையைப் பற்றிய அச்சமே குற்றத்தைத் தடுக்கிறது என்பது அதன் முதற்படி. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தரப்படும் ஒவ்வொரு பாதுகாப்பும் அந்த அச்சத்தைக் குறைக்கிறது என்பது இரண்டாம் படி. இவ்வுரை முதற்படியை ஓரளவு ஏற்று, இரண்டாவதை முற்றிலும் மறுக்கிறது. தண்டனை எவரையேனும் அச்சுறுத்த வேண்டுமானால் அது குற்றம் செய்தவர்மீது விழ வேண்டும். செய்தவர் யார் என்பதைப் பிழையின்றிக் கண்டறிய நீதிமுறை நெடுங்காலப் பட்டறிவில் உருவாக்கிக்கொண்ட வழிகளுக்குத்தான் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமைகள் என்று பெயர்.

தண்டனையைக் கண்டு அஞ்சி மக்கள் குற்றத்திலிருந்து விலகுவதைக் குற்றவியலார் இருவகையாகப் பிரிப்பார்கள். தண்டிக்கப்பட்டவரே மீண்டும் குற்றம் செய்யாதிருப்பது தனித்தடுப்பு; அவருக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பிறர் விலகி நிற்பது பொதுத்தடுப்பு. இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது, சிறைக்குள் இருக்கும்வரை ஒருவர் வெளியே குற்றம் செய்ய இயலாமற்போவது. அதற்கு அச்சம் தேவையில்லை, பூட்டு போதும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதாலேயே சிறையின் பயனைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எங்கும் சென்று சேர்வதில்லை.

மிலான் நகரத்துச் செசாரே பெக்காரியா, தம் 26ஆம் வயதில், 1764இல் வெளியிட்ட ‘குற்றங்களும் தண்டனைகளும்’ என்ற சிறு நூலில், தண்டனையின் வலிமை அதன் கொடுமையில் இல்லை, அது தவறாமல் வந்துசேரும் என்ற உறுதியிலும் விரைந்து வரும் என்ற எதிர்பார்ப்பிலுமே இருக்கிறது என்று வாதிட்டார். உறுதி, விரைவு, கடுமை என்ற மூன்று அளவுகோல்களைக் கொண்டு தண்டனையை மதிப்பிடும் மரபு அந்நூலிலிருந்தே வலுப்பெற்றது. திருக்குறளில் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தின் முதற்குறளும் இங்கே நினைக்கத்தக்கது. ஆள்பவன் முதலில் நடுநிலையோடு ஆராய்ந்து, பிறகு அக்குற்றம் மீண்டும் நிகழாதபடி, குற்றத்தின் அளவுக்கு ஒத்துத் தண்டிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. குற்றத்தடுப்பைப் பேசும் அக்குறள் ஆராய்தலையே முன்னே வைத்திருப்பது கவனத்துக்குரியது.

கடுமை மிகுந்தால் உறுதி தளரும் என்பதற்கு 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நல்ல சான்று. இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கச் சட்டம் இடமளித்த காலம் அது. ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்கு என்று இருந்தது. திருட்டுக்காக ஓர் உயிரைப் பறிக்க மனம் ஒப்பாத ஜூரிகள், அதைவிட மிகுந்த மதிப்புள்ள பொருளையும் 39 ஷில்லிங் என்று தெரிந்தே மதிப்பிட்டுத் தீர்ப்பளித்தார்கள். சட்டம் ஏட்டில் அச்சமூட்ட, தூக்கு வருமா வராதா என்பது அந்தந்த ஜூரியின் மனநிலையைப் பொறுத்ததாயிற்று.

அமெரிக்கக் குற்றவியலாளர் டேனியல் நாகின் 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பிடிபடுவோம் என்ற உறுதிக்குக் குற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பதற்குத் தக்க சான்றுகளையும், ஏற்கெனவே நீண்டிருக்கும் தண்டனையை மேலும் சில ஆண்டுகள் நீட்டுவதால் குறிப்பிடத்தக்க பயன் விளைகிறது என்பதற்கு மிகக் குறைந்த சான்றுகளையுமே கண்டது. அந்நாட்டில் 1972இல் ஒரு லட்சம் பேருக்கு 161 ஆக இருந்த சிறைப்பட்டோர் விகிதம் 2012இல் 707 ஆக உயர்ந்தது. அந்த மாபெரும் விரிவாக்கத்தை ஆராய்ந்த தேசிய ஆய்வுக் குழு, 2014இல் அளித்த அறிக்கையில், நீண்ட சிறைத்தண்டனை குற்றத்தைக் குறைப்பதற்குத் திறனற்ற வழி என்று முடிவுரைத்தது. இதற்குக் காரணம் விளங்காததன்று. வன்குற்றங்கள் பெரும்பாலும் இளவயதினரால், சினத்திலோ போதையிலோ கும்பல் வேகத்திலோ செய்யப்படுகின்றன. ஏழாண்டுத் தண்டனைக்கும் பத்தாண்டுத் தண்டனைக்கும் உள்ள வேறுபாட்டை அந்நேரத்தில் எடைபோடுபவர் அரிது. வயது ஏற ஏறக் குற்றநாட்டம் இயல்பாகவே தணிந்துவிடுவதால், ஐம்பதைக் கடந்தவரைப் பூட்டிவைப்பதில் சமூகத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் குறைவே.

சிறை முழுவதும் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நார்வேயில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான விரிவான ஆய்வு, சிறைக்கு அனுப்பப்பட்டவர்கள், குறிப்பாக அதற்குமுன் வேலையில்லாதிருந்தவர்கள், பிற்காலத்தில் மறுகுற்றம் செய்வது கணிசமாகக் குறைந்ததைக் கண்டது. அங்கே அவர்களுக்குத் தொழிற்பயிற்சி தரப்பட்டது. விடுதலைக்குப்பின் வேலை கிடைத்தது. ஆகவே சிறை என்ன செய்யும் என்பது உள்ளே என்ன நடக்கிறது, உள்ளே இருப்பவர் யார் என்ற இரண்டையும் பொறுத்தது. இந்த இரண்டாவது கேள்வியே இந்தியாவைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முதன்மையானது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு 75.8 பேர், விசாரணைக் கைதிகள். வழக்கு முடியாமல், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காமல், நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டிருப்பவர்களே விசாரணைக் கைதிகள். தண்டனைக் கைதிகள் இந்தியச் சிறைகளில் நால்வரில் ஒருவரே. சிறைகளோ தம் கொள்ளளவில் 131 சதவீதம் நிரம்பியிருந்தன. உள்ளே இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். ஏறத்தாழ அதே அளவினர் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள்.

அச்சத்தால் தடுக்கும் கோட்பாட்டைக் கொண்டே இந்த நிலையை அளந்து பார்க்கலாம். குற்றத்துக்கும் சிறைக்கும் இடையே மக்கள் மனத்தில் ஓர் உறுதியான முடிச்சு இருந்தால்தான் அச்சம் வேலை செய்யும். ஆனால் இங்கே ஒருவர் சிறைக்குள் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தீர்ப்பு அன்று. அவர் கைதுசெய்யப்பட்டார், அவருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்பதே. மறுபுறம், விசாரணை முடியும்போது விடுதலையாவோரும் மிகுதி. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 2022இல் தண்டனை விகிதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே இருந்தது. தண்டனை முதலில் வந்து, விசாரணை பின்னால் வந்து, தீர்ப்பு எப்போதோ வரும் ஒரு முறையில், குற்றம் செய்ய நினைப்பவர் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? வசதியிருந்தால் வெளியே வந்துவிடலாம், சாட்சிகள் காலப்போக்கில் பிறழ்ந்துவிடுவார்கள் என்பதே. வசதியற்றவர் கற்றுக்கொள்ளும் பாடம் இதனினும் கசப்பானது: செய்தாலும் செய்யாவிட்டாலும் சிறை ஒன்றுதான்.

இந்த அவலம் 1979இல் நாட்டின் கண்முன் வந்தது. தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராயிருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி, பீகார்ச் சிறைகளில் கண்டவற்றைப் பற்றி ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளேட்டில் எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் தொடுத்ததே ஹுசைனாரா கத்தூன் வழக்கு. தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம், விசாரணையே தொடங்காமல், உள்ளே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களாகக்கூட அல்லாமல், குற்றத்துக்கு இரையானவர்கள் என்பதற்காகவும் சாட்சிகள் என்பதற்காகவும், ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரில் அடைக்கப்பட்டிருந்த பெண்களும் இருந்தார்கள். நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, விரைவான விசாரணை என்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அறிவித்தது. அவ்வழக்கின் விளைவாகப் பல்லாயிரம் பேர் விடுதலையானார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டில் மோதிராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நடுவர், அவருடைய சகோதரர் பொறுப்பேற்க முன்வந்தபோது, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி அதை ஏற்க மறுத்திருந்தார். அந்த ஆணையைத் திருத்திய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணத்தை அளவுகோலாக்கும் ஜாமீன் முறை ஏழைகளை வறுமைக்காகத் தண்டிப்பதைக் கடுமையாகச் சாடினார். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் 1948இல் ஒரு மாதம் தாமே சிறைப்பட்டிருந்தவர் அவர். 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. சிறையை இருபுறமும் நின்று கண்டவர் எழுதிய தீர்ப்புகள் என்பதாலோ என்னவோ, ஜாமீனே விதி, சிறை விலக்கு என்று அவர் 1977இல் வகுத்த கோட்பாடு இன்றும் எல்லா நீதிமன்றங்களிலும் எடுத்துரைக்கப்படுகிறது. எடுத்துரைக்கப்படும் அளவுக்குப் பின்பற்றப்படுவதில்லை என்பதே மேற்கண்ட எண்கள் சொல்லும் செய்தி.

தீர்ப்புக்குமுன் சிறைப்பட்டிருத்தல் தீர்ப்பையே வளைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் அமைந்துள்ள ஹாரிஸ் கவுன்ட்டியில் சிறுகுற்ற வழக்குகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, காவலில் வைக்கப்பட்டவர்கள், அவர்களை ஒத்த, வெளியே இருந்த பிறரைவிட, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு 25 சதவீதமும் சிறைத்தண்டனை பெறும் வாய்ப்பு 43 சதவீதமும் மிகுந்திருந்தது. அவர்களே பிற்காலத்தில் கூடுதலாகக் குற்றங்களிலும் ஈடுபட்டார்கள். வேலை போய், வாடகை நின்று, குடும்பம் சிதறி, பழகிய குற்றவாளிகளோடு மாதங்களைக் கழித்து வெளிவரும் ஒருவர், உள்ளே போனபோது இருந்ததைவிடச் சட்டத்துக்கு நெருக்கமானவராக வருவார் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

காவல்நிலையத்தில் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை என்ற விதியைக் குற்றவாளிகளுக்குக் காட்டும் சலுகையாகப் பலர் கருதுகிறார்கள். அவ்விதியின் வேர் சென்னை மாகாணத்தில்தான் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகளைத் தொடர்ந்து, 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு இங்கே அமைக்கப்பட்டது. குறுகிய அவகாசத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. நெடுந்தொலைவு நடந்துவந்து முறையிட்டவர்களும் இருந்தார்கள். 1855இல் வெளியான அறிக்கை, வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை அன்றாட நடைமுறையாக இருந்ததை உறுதிசெய்தது. கைவிரல்களையும் உடலின் மென்மையான பகுதிகளையும் நெரிக்கும் மரக்கருவியான கிட்டி, உடலை வளைத்துத் தலையும் காலும் சேரக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகிய தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அவ்வறிக்கையில் ஏறின.

சித்திரவதையின் கொடுமையோடு, அது பிறந்த அமைப்பையும் அக்குழு பதிவுசெய்தது. வரி தண்டும் அதிகாரமும் குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரமும் ஒரே ஆட்களிடம் குவிந்திருந்தன. இத்தகைய பட்டறிவின் பின்னணியில்தான் 1859இல் சென்னைக் காவல் சட்டம் வந்தது. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் காவலரிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளத் தடை விதித்தது. 1872இன் சாட்சியச் சட்டம் அத்தடையை 25ஆம் பிரிவில் நிலைநிறுத்தியது. 2023இன் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாக நீடிக்கிறது. அடித்தால் எவரும் எதையும் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டதும் தேடல் நின்றுவிடும். உண்மையில் செய்தவர் ஊருக்குள் அச்சமின்றி நடமாடுவார். ஆட்சியாளர்கள் ஏற்ற விதி இது என்றாலும், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் கிட்டிக்குள் விரல் நசுங்கிய குடியானவர்கள்.

அந்த வரலாறு முடிந்துவிடவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் வழுக்கி விழுந்து கை முறிந்ததாகச் செய்தி வருவதும், மாவுக்கட்டுடன் அவர் நிற்கும் படம் பரவுவதும், அதைக் கண்டு மக்கள் மகிழ்வதும் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டன. அந்த மகிழ்ச்சி அச்சந்தரத்தக்கது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்துவைத்திருந்தார்கள் என்பதற்காகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இருந்தபோது இறந்தார்கள். காவல்நிலையச் சித்திரவதையே காரணம் என்று சிபிஐ குற்றப்பத்திரிகை கூறியது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22ஆம் உறுப்பு ஆணையிடுவது, அந்த நடுவர் அவர் உடலைக் கண்ணால் பார்த்து, காயம் உண்டா என்று கேட்டறிய வேண்டும் என்பதற்காகவே. ரிமாண்டு ஆணை எந்திரம்போல் கையெழுத்தாகும் இடத்தில் அவ்வுறுப்பு வெறும் தாளாகிறது.

காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்க இடமளித்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், ஒப்புதல் குறித்த விதியைத் தளர்த்தினால் என்ன நேரும் என்பதைக் காட்டியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடா சட்டக் குற்றங்கள் நிறுவப்படவில்லை என்று கூறியதோடு, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்முறையீடு என்ற உரிமை இல்லாதிருந்தால் 26 கயிறுகள் தயாராகியிருக்கும். குஜராத்தின் அக்ஷர்தாம் கோயில்மீது 2002இல் நடந்த தாக்குதல் தொடர்பாகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேரை, அவர்களில் மூவர் தூக்கை எதிர்நோக்கியிருந்த நிலையில், உச்ச நீதிமன்றம் 2014 மே 16 அன்று முழுமையாக விடுதலை செய்து, புலனாய்வைக் கடுமையாகக் கண்டித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கொடுமைக்கு ஆண்டுக்கணக்கில் தவறான ஆட்களைச் சிறையில் வைத்திருந்ததால் எந்தப் பயங்கரவாதி அஞ்சியிருப்பார் என்பதை, உரிமைகளைத் தடையாகக் கருதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செயலை விட்டுவிட்டு ஆளைப் பார்த்துத் தண்டிக்கும் பழக்கமும் இம்மண்ணுக்குப் புதிதன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர் முதலிய சமூகத்தினர் பிறப்பாலேயே ரேகை வைத்துக் கண்காணிக்கப்பட்டார்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. அச்சட்டம் போய்விட்டாலும், இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்ற கணிப்பின்பேரில் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்கும் அதிகாரம், மக்கள் ‘குண்டாஸ்’ என்று சொல்லும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. கள்ளச்சாராயம் முதலானவற்றுக்காக வந்த அச்சட்டத்தில் திருட்டு வீடியோ, மணல் கடத்தல், இணையக் குற்றம் எனப் பட்டியல் வளர்ந்துகொண்டே வந்தது. குற்றத்தை மெய்ப்பிக்கும் உழைப்பிலிருந்து காவல்துறையை விடுவிக்கும் சட்டம், மெய்ப்பிக்கும் திறனையே அதனிடமிருந்து காலப்போக்கில் பறித்துவிடும்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளிடையே வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, நக்சலைட்டுகள் என்ற பெயரில் அடைக்கப்பட்டிருந்த ஆதிவாசி விசாரணைக் கைதிகளின் விடுதலைக்காக நீதிமன்றம் சென்றவர். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2020 அக்டோபரில், 83 வயதில், கைதானார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாமல், நீர் குடிக்க உறிஞ்சுகுழாய் வேண்டி அவர் மனுச் செய்ய நேர்ந்தது. 2021 ஜூலை 5 அன்று, விசாரணை தொடங்குமுன்னரே, விசாரணைக் கைதியாகவே அவர் இறந்தார். அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இனிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிறைவாசம் எந்தக் குற்றத்தைத் தடுத்தது என்று கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் துயரம் இந்த வாதத்தில் மறக்கப்படுகிறது என்ற மறுப்பு மதிக்கத்தக்கது. மகளை இழந்த தாய்க்குச் சட்டநுட்பங்கள் ஆறுதல் தரா. எனினும் அந்தத் தாய்க்குரிய நீதியைத் தாமதப்படுத்துவன தடயவியல் ஆய்வகங்களின் தேக்கமும், நிரப்பப்படாத நீதிபதிப் பணியிடங்களும், பாதுகாப்பில்லாத சாட்சிகளுமே. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இலேயே பரிந்துரைத்தது. இன்றும் அதில் பாதியைக்கூட நாடு எட்டவில்லை. விசாரணை விரைந்து முடிவது பாதிக்கப்பட்டவரின் தேவையும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையுமாக ஒரே நேரத்தில் இருக்கிறது.

அண்மைக்காலத்தில் சில நல்ல அடிகள் எடுத்துவைக்கப்பட்டுள்ளன. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் எந்திரத்தனமாகக் கைதுசெய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, மரணமோ ஆயுள்தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் அல்லாதவற்றில், முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்துவிட்டால் விடுவிக்க வழிசெய்கிறது. ஜாமீன் தொகை கட்ட இயலாத ஏழைகளுக்கு 40,000 ரூபாய் வரை உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023இல் வந்தது. இவை மாவட்டச் சிறையின் வாயில்வரை சென்று சேர வேண்டுமானால், சட்ட உதவி வழக்கறிஞர் முதல் ரிமாண்டு நாளன்றே கைதானவரின் அருகில் நிற்க வேண்டும். ஜாமீன் கிடைத்தும் வெளிவராதவர்களின் பட்டியல் வாரந்தோறும் நடுவரின் மேசைக்கு வர வேண்டும்.

இவற்றோடு, தவறாகச் சிறைப்பட்டவருக்கு அரசு ஈடுசெய்வதும் சட்டமாக வேண்டும். பீகாரின் ருதுல் ஷா 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றபின்னும் 14 ஆண்டுகள் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தார். 1983இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 35,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. ஆனால் அது நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தால் தந்தது. அக்ஷர்தாம் வழக்கில் விடுதலையானவர்கள் இழப்பீடு கேட்டு வந்தபோது அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. தவறான வழக்கால் சிறைப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில் 2018இல் பரிந்துரைத்தது. ஐந்தாண்டுகள் கழித்து நாட்டின் மூன்று குற்றவியல் சட்டங்களும் முழுமையாக மாற்றி எழுதப்பட்டபோதும் அப்பரிந்துரை அவற்றில் இடம்பெறவில்லை. போதிய காரணமின்றிக் கைதுசெய்யப்பட்ட ஒருவருக்கு நடுவர் வழங்கக்கூடிய இழப்பீடாகப் புதிய சட்டத்தின் 399ஆம் பிரிவு வைத்திருக்கும் உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். அதையும் அரசு தருவதில்லை, கைதுக்குக் காரணமான புகார்தாரரே தர வேண்டும்.